தேசிக்காய் மணத்த பரல்கள்

பலெர்மோ நகரத்துப் பல்லரோ சந்தையில் ஒலிவ் காய் விற்கிறவன் என்னைப் பிச்சைக்காரன் என்று எண்ணிவிட்டான். அவனுக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த, ஒலிவ் காய் வந்த இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய்களை, எங்கள் பேச்சில் பரல்களை, காட்டி, பிறகு என் நெஞ்சைத் தொட்டு, தெரிந்த விதத்தில் கேட்டேன். அவன் என் தேய்ந்த செருப்பைப் பார்த்தான். ஒரு கடதாசிச் சுருளில் பன்னிரண்டு ஒலிவ் காய்களைப் போட்டு என் கையில் வைத்தான். கன்னத்தில் மெல்லத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனான். பன்னிரண்டு என்பது வீட்டுக்கு வந்து எண்ணியது. முப்பத்தொரு வருடம் ஊரில் மீன்பிடிக் கந்தோரில் கிளாக்கராக இருந்த நான் அந்தச் சுருளை வாங்கிக்கொண்டேன், நன்றியும் சொன்னேன்.

அடுத்த நாள் மகள் வந்து இத்தாலியனில் விளங்கப்படுத்தினாள். அவன் தலையில் கைவைத்துச் சிரித்துப் பரல்களைத் தந்தான். அந்த ஒலிவ் காய்க் கதையை மகள் கட்டடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஜூன் மாதம். மகள் பொலிதேயாமா நாடகசாலைப் பக்கத்தில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு வயதான இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை செய்தாள். சிஞ்ஞோரா கணவனை இழந்தவர். அவர் வீட்டு மொட்டை மாடியில் கணவர் கட்டிய சீமெந்துத் தொட்டியில் பதினொரு சிவப்பு மீன்கள் இருந்தன. தொட்டி வெடித்துக் கீழ் வீட்டுக்குள் தண்ணீர் ஒழுகியது. திங்கட்கிழமை மேசன்மார் வந்து உடைக்கப்போகிறார்கள், மூன்று கிழமை வேலை, மீன்களை எங்கே விடுவது என்று சிஞ்ஞோரா அழுதிருக்கிறார். மகள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "என்ரை அப்பா மீன்பிடிக் கந்தோரிலை இருந்தவர், அவருக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டாள்.

எனக்குத் தெரிந்த மீன் எல்லாம் கடதாசியில் இருந்த மீன். வள்ளங்களுக்கும் வலைகளுக்கும் அனுமதி எழுதினேன், குளத்து மீன் வளர்ப்புப் பற்றிய சுற்றறிக்கைகளைத் தட்டச்சு செய்தேன். தண்ணீருக்குள் கை வைத்ததில்லை. ஆனாலும் மகள் கேட்டபோது ஓம் என்றேன்.

காரணம் அவளுடைய பெர்மெஸ்ஸோ. இந்த நாட்டில் இருக்க விடும் அந்தப் பத்திரம் மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிப்பதென்றால் வேலை கொடுக்கிறவர் குவெஸ்தூராவுக்கு, அதாவது பொலிஸ் கந்தோருக்கு, நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். சிஞ்ஞோரா வருகிறேன் வருகிறேன் என்று மூன்று தரம் தள்ளிப்போட்டிருந்தார். கெட்டவர் இல்லை. முழங்கால் வருத்தமும் மறதியும் இருந்தன. மீன் விஷயத்தில் மட்டும் அவருக்கு மறதி வராது.

"மீன் செத்துதெண்டா அவ என்ரை முகத்தைப் பாக்கமாட்டா, அப்பா" என்றாள் மகள். "பிறகு ஆரிட்டைப் போய் நிக்கிறது?"

பழைய பரலில் மீன் விடுவது சும்மா கழுவி ஊற்றுகிற வேலையல்ல. பிளாஸ்டிக் தனக்குள் இருந்ததைக் குடித்து வைத்திருக்கும். துப்புரவு மருந்து இருந்த பரல் என்றால் எத்தனை கழுவினாலும் விடாது, அதைத் தொடவே கூடாது. சாப்பாட்டுச் சாமான் வந்த பரலைத்தான் எடுக்கவேண்டும், அதையும் சவர்க்காரம் போடாமல் கழுவவேண்டும். சவர்க்காரத்தில் துளி மிஞ்சினாலும் மீனின் செவுளைப் பிடித்துவிடும். சுற்றறிக்கையில் அந்த வரியின் கீழ் கோடு போட்டிருந்தது எனக்கு நினைவில் இருந்தது. அப்பச்சோடா கரைத்து ஊறவிட்டேன், பிறகு வினாகிரி, பிறகு வெயில். பிறகு நிரப்புவதும் கவிழ்ப்பதும். ஒவ்வொரு தரமும் தலையை உள்ளே விட்டு மணந்து பார்த்தேன். ஒலிவ் காயின் உப்பு மணம் இன்னும் இருப்பதுபோல் இருக்கும். மறுபடி நிரப்புவேன்.

இதையெல்லாம் எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் செய்தேன். கட்டடத்தில் நான்கு குடும்பம், ஒரே தண்ணீர்த் தாங்கி. அந்தக் காலத்தில் பலெர்மோவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், சிலவேளை இரண்டு நாளும் வராது. வரும்போது தாங்கி நிரம்பும், அடுத்த முறைவரை அதுதான் எல்லோருக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. வீட்டில் மகள் பல் தீட்டும்போது குழாயைப் பூட்டு என்று சொல்கிறவனே நான்தான்.

சனிக்கிழமை பின்னேரம் கடைசித் தண்ணீரை இரண்டு பரலிலும் நிரப்பி, குழாய்த் தண்ணீரின் மருந்து மணம் போகட்டும் என்று திறந்து வைத்தேன். முதுகை நிமிர்த்தியபோது கீழ் வீட்டுப் பிள்ளை, என் மகள் வயதுக்காரி, படியேறி வந்தாள். எங்கள் ஊர்த் தீவுப்பகுதிக் கத்தோலிக்கக் குடும்பம். மறுநாள் அவளுடைய மகளுக்குக் கோயிலில் முதல் நன்மை வாங்கும் சடங்கு, பிறகு விருந்து.

"கிளாக்கர் ஐயா, உங்கடை வீட்டிலை தண்ணி வருதோ?"

"பாக்கேல்லைப் பிள்ளை."

அவள் ஸ்டூலில் ஏறித் தாங்கியை விரலால் தட்டினாள். வெறும் பானைச் சத்தம் கேட்டது. இறங்கி, ஈரமான தரையைப் பார்த்தாள், தண்ணீர் போகும் ஓட்டையைப் பார்த்தாள், பரல்களைப் பார்த்தாள்.

"எத்தினை தரம் கழுவினியள்?"

"ஒவ்வொண்டும் ஏழு தரம்."

அது பெருமையோடு வந்தது. அதுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. நாக்கைக் கடிப்பதற்குள் வந்துவிட்டது.

"நாளைக்கு அறுபது பேர் சாப்பிட வருகினம், ஐயா" என்றாள். கத்தவில்லை. "தண்ணி திங்கக்கிழமைதான்."

இந்த இரண்டு பரல் தண்ணியையும் எடுங்கோ என்றேன். அதைவிட வேறு சொல்ல என்ன இருந்தது.

"மீன் குளிச்ச தண்ணியோ?"

"மீன் இன்னும் வரேல்லை."

"அப்ப மச்ச மாமிசம் படேல்லை" என்றாள். "நல்லதாப் போச்சு. உங்களுக்குச் சைவச் சோறும் இதிலைதான் காய்ச்சப்போறன்."

அவள் சிரித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுடைய புருசனும் இரண்டு ஆண்களும் வந்து தண்ணீரைச் சமையல் கிடாரங்களில் ஊற்றினார்கள். அறுபது பேருக்கு அது காணாது. கட்டடத்தில் இருந்த சுத்தமான பெரிய பாத்திரம் என் பரல்கள்தான். ஒரு மரக்கறிக்காரனின் மூன்று சில்லு வண்டியில் அவற்றை ஏற்றிக்கொண்டு கோயில் முற்றத்துக் குழாய்க்குப் போனார்கள். நானும் வாறன் என்றேன். "நீங்கள் இருங்கோ ஐயா, களைச்சுப்போனியள்" என்று அவளுடைய புருசன் சொன்னான். குத்திச் சொன்னானா, உண்மையாகச் சொன்னானா என்று இன்றுவரை தெரியாது.

ஞாயிறு விருந்துக்குப் போகாமல் இருக்கப் பார்த்தேன். மகள் விடவில்லை. விருந்துக் கூடத்தின் மூலையில் ஒரு கதிரையில் போய் இருந்தேன். கதை எனக்கு முன்னமே அங்கே போய்விட்டது.

"கிளாக்கர் ஐயாவுக்குத் தண்ணி குடுங்கோ" என்றான் ஒரு பெடியன்.

"ஒரு கிளாஸ் காணுமோ, ஏழு கிளாஸ் வேணுமோ?" என்றான் மற்றவன்.

கூடமே சிரித்தது. கீழ் வீட்டுப் பிள்ளை தட்டோடு வந்தாள். "சும்மா இருங்கோடா. இவர் தந்த தண்ணியிலைதான் நீங்கள் விழுங்கிற சோறு அவிஞ்சது" என்றாள். வெளியிலிருந்து வந்த விருந்தினர் அதைக் கேட்டு என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒருவர் எழும்பி வந்து கையும் தந்தார். பெடியன்களின் சிரிப்பை எப்படியோ தாங்கினேன். அந்தக் கைகொடுப்பைத் தாங்க முடியவில்லை.

பின்னேரம் நான்கு மணிபோல் பரல்கள் திரும்பி வந்தன. விருந்தில் அவற்றுக்குள் ஐஸ் போட்டுச் சோடாப் போத்தல்கள் வைத்திருந்தார்கள். கீழ் வீட்டுப் பிள்ளைதான் கொண்டுவந்து வைத்தாள், முகம் முழுக்கச் சந்தோசத்தோடு.

"ஒலிவ் காய் மணம் போகுதில்லை எண்டு கவலைப்பட்டியளாமே, ஐயா. கோயில் தண்ணி கொஞ்சம் மிஞ்சினது. கோப்பை கழுவுற சவர்க்காரம் விட்டு நானே தேய்ச்சனான். மணந்து பாருங்கோ."

தலையை உள்ளே விட்டேன். எலுமிச்சைச் சவர்க்காரத்தின் தேசிக்காய் மணம் மூக்கில் அடித்தது. ஒலிவ் காயின் மணம் துளியும் இல்லை.

"நல்லாயிருக்குப் பிள்ளை" என்றேன்.

அவள் இறங்கிப் போனபின் எங்கள் வீட்டில் குடிக்க இருந்த தண்ணீரில் ஒரு கோப்பையைப் பரலுக்குள் சுழற்றி, போத்தலில் எடுத்துக் குலுக்கினேன். நுரை கழுத்துவரை எழும்பியது. நூற்றிருபது வரை எண்ணினேன். அசையவில்லை. மீன்கள் நாளைக் காலை வருகின்றன. நாளை வரும் குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கும், உடனே ஊற்ற முடியாது.

மகள் போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கீழை போய்ச் சொல்லுவமோ?"

"சொல்லக்கூடாது."

"ஏன்? தெரியாமல்தானே செய்தவ."

"அவையின்ரை தண்ணியை ஊத்தினவன் நான். அவ கழுவித் தந்ததைப் பிழை எண்டு எந்த வாயாலை சொல்லுறது?"

கிழமை முழுவதும் நின்று வேலை செய்கிறவள், ஞாயிறு ஒருநாள்தான் அவளுக்குக் கால் நீட்ட. "அப்ப கடலிலை கழுவுவம்" என்று செருப்பைப் போட்டாள். "அதை ஒருத்தரும் எண்ணப்போறதில்லை."

மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் ஆளுக்கொரு பரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். சாரதி ஏதோ கேட்டான். மகள் பதில் சொன்னாள். பஸ் சிரித்தது. என்ன என்று கேட்டேன்.

"பரலுக்கும் டிக்கெட் எடுத்தியளோ எண்டான். ஒண்டுக்குள்ளை அப்பா, மற்றதுக்குள்ளை நான் எண்டனான்."

கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. பாய்களுக்கும் குடைகளுக்கும் இடையால் பரல்களை உருட்டிப் போனோம். நீள்காற்சட்டையை முழங்காலுக்கு மடித்து இறங்கி, பரலை அமிழ்த்தி நிரப்பிக் கவிழ்த்தேன். வெள்ளை நுரை பொங்கி, பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் இடுப்பைச் சுற்றிப் போனது. அவர் கையை விசிறிக் கத்தினார். அவரோடு இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"என்னவாம்?"

"வடிவான பரல் எண்டு சொல்லீனம், அப்பா. கெதியாய்க் கழுவுங்கோ."

கொஞ்சம் தள்ளிப் போனோம். பிறகும் தள்ளிப் போனோம். கடைசியில் பாறைகளுக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடம் கிடைத்தது. கழுவக் கழுவ மணம் குறைந்தது. கொண்டுபோன போத்தல் நல்ல தண்ணீரை உள்ளே சுழற்றிக் குலுக்கிப் பார்த்தபோது நுரை எழும்பி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் உடைந்தது. மகள் கைகொட்டினாள். எத்தனை தரம் கவிழ்த்தேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சூரியன் இன்னும் விழவில்லை. காற்சட்டை ஈரத்தோடும் செருப்பில் மணலோடும் படியேறும்போது கீழ் வீட்டுக் கதவு திறந்தது.

"என்னையா, பரலுக்குக் கடல் காட்டப் போனியளோ?"

மகள் சொல்லிவிட்டாள். சவர்க்காரம், செவுள், நாளைய மீன், பெர்மெஸ்ஸோ எல்லாம் சொன்னாள். அந்தப் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்க முடியாமல் நான் படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஐயோ, மூண்டு தரம் தேய்ச்சனே" என்றாள். பிறகு கோபம் வந்தது. "ஏன் ஐயா அப்பவே சொல்லேல்லை? நான் என்ன, உங்களைக் கடிக்கிறனானோ? வெக்கத்திலை பதினொரு மீனையும் சாக்காட்டியிருப்பியள். இவளின்ரை பேப்பரும் அதோடை போயிருக்கும்!"

உண்மை.

"இப்ப என்னத்தை ஊத்தப்போறியள்?"

நான் வெறும் பரல்கள் இரண்டையும் பார்த்தேன்.

பலெர்மோவில் எல்லோர் வீட்டிலும் கட்டிலுக்குக் கீழே பழைய போத்தல்களில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள், தாங்கி வற்றும் நாளுக்காக. நாட்கணக்கில் நின்ற தண்ணீர், அதில் மருந்து மணம் இருக்காது. அவள் தன் போத்தல்களைக் கொண்டுவந்தாள். பிறகு ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னாள். மேல் வீட்டுச் சிசிலிக் கிழவிகூட இரண்டு கையிலும் போத்தலோடு இறங்கி வந்தார். நேற்று நான் தண்ணீரில்லாமல் ஆக்கிய அதே வீடுகள். நான் மொட்டை மாடியில் நின்று ஒவ்வொன்றாக வாங்கி ஊற்றினேன். என்னை அறியாமல் உதடு அசைந்திருக்க வேண்டும்.

"எண்ணுங்கோ ஐயா, எண்ணுங்கோ" என்றாள் கீழ் வீட்டுப் பிள்ளை. "திருப்பித் தரவேணும்."

முப்பத்தெட்டுப் போத்தல். இரண்டு பரலும் அரைவாசி நிரம்பின.

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சிஞ்ஞோரா தானே வந்தார், முழங்காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக. மகள் வாளியில் கொண்டுவந்த மீன்களை மெல்ல இறக்கினோம். முதலில் அடியில் போய் ஒளித்தன. பிறகு ஒன்று மேலே வந்து வாய் திறந்தது. ஒவ்வொன்றாக மற்றதுகளும் வந்தன. சிஞ்ஞோரா வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். கண் கலங்கியிருந்தது.

"என்ன சொல்லுறா?"

"உங்களைப்போல ஆளைத் தான் காணேல்லையாம்" என்றாள் மகள். "வியாழக்கிழமை காலமை குவெஸ்தூராவுக்கு வாறாவாம்."

"தண்ணி தந்தது நானில்லை எண்டு சொல்லு. இந்த வீட்டுச் சனம் எண்டு சொல்லு. நான் செய்ததையும் சொல்லு."

"பிறகு சொல்லுறன், அப்பா. இப்பதான் பேப்பரைக் கதைக்கிறா."

எனக்கு இத்தாலியனில் எண்கள் மட்டும்தான் தெரியும். கீழ் வீட்டுப் பிள்ளை வெறும் போத்தல்களைப் பையில் பொறுக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சிஞ்ஞோரா இன்னும் என் கையை விடவில்லை. அவளாவது சொல்லட்டும் என்று நான் அந்தப் பிள்ளையின் பக்கம் தலையைத் திருப்பினேன்.

"வாங்குங்கோ ஐயா" என்றாள் அவள். சிரிப்பை அடக்கியபடி பையைத் தன் தோளில் தூக்கினாள். "ஒலிவ் காயை வாங்கினியள்தானே. இதையும் வாங்குங்கோ."

சிஞ்ஞோராவின் நன்றியைத் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். மகள் வியாழக்கிழமை போய்க் கையெழுத்தோடு வந்தாள். பிறகு சொல்லுறன் என்று அவள் சொன்ன அந்தப் பிறகு ஒருநாளும் வரவில்லை.