நின்றுகொண்டே வந்தவள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் செவ்வாய்தோறும் அவளைப் பார்ப்பேன். முப்பது வயதிருக்கும். இடமிருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேதான் வருவாள். ஒருநாள் ஆலப்பாக்கம் தாண்டியதும் காரணம் கேட்டேன். பெண்ணுறுப்பில் நான்கு வருடமாக எரிச்சலும் வலியுமாம். உட்கார்ந்தால் கூடுமாம். டாக்டரம்மா ஒன்றுமில்லை என்றுவிட்டாராம்.

“வீட்டுக்காரரு?”

“மாசத்துல மூணு தடவ வீட்டுக்குத் தூரம்னு சொல்லித் தனியாப் படுத்துக்கறேன்க்கா. அவுருக்கு நாள் கணக்கு தெரியாமயா இருக்கும்? ஒண்ணும் கேக்காம தலகாணிய எடுத்துக்கிட்டுக் கூடத்துக்குப் போயிடறாரு.”

“வலிக்குதுன்னு சொல்லிடேன்.”

“சொன்னா, இத்தன நாளும் சிரிச்சிக்கிட்டே கூடப் படுத்ததெல்லாம் பொய்யின்னு ஆயிடும். அவுரு தாங்கமாட்டாருக்கா.”

நாட்குறிப்பில் அன்றைய தேதியில் இதை எழுதி வைத்தேன். அவ்வளவு வலியை வைத்துக்கொண்டு, அவர் தாங்குவாரா என்று அவளால் எப்படிக் கவலைப்பட முடிந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.