அம்மா எடுக்காத அழைப்பு

என் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். என்னிடம் இருந்தது உள்ளங்கைக்கு அடங்காத டச் போன். 'இருந்தது' என்று எழுத வேண்டி வந்ததற்குக் காரணம், செம்பூர் ஸ்டேஷன் வாசலில் முழங்கால் அளவு ஓடிய மழைத்தண்ணீர்.

அன்று காலை அம்மா நாங்கள் குடியிருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து தனியாகக் கிளம்பி, நெருளில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் வேலை பார்ப்பது செம்பூரில், ஒரு குழாய்க் கடையில். தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, டிரெயின் நின்னுபோச்சாம். அம்மா செம்பூர்ல எறங்கி நிக்கா. சுகர் ஊசியப் போட்டுட்டு, இங்க வந்து சாப்பிடலாம்னு வெறும் வயித்தோட ஏறியிருக்கா. ஓடு."

ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்பதை வீட்டில் எல்லோரும் ஒருமுறை பார்த்திருக்கிறோம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், அப்படியே சரிந்துவிடுவாள்.

ஓடினேன். ஓடுகிறவன் சும்மா ஓடியிருக்கலாம். எவ்வளவு தண்ணீரில் ஓடுகிறேன் என்று தங்கைக்குக் காட்ட வேண்டாமா? வீடியோ எடுக்கப் போனேன். கை வழுக்கியது. துழாவி எடுத்தபோது போன் கருப்பாகக் கிடந்தது.

ஸ்டேஷனில் நின்ற ரயிலின் கூட்டம் முழுவதும் படிகளில் அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே நுழைய வழியில்லை. வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் இட்லி விற்ற நம்ம ஊர்க்காரரிடம் போன் கேட்டேன். அம்மாவின் நம்பர் மட்டும் எனக்கு மனப்பாடம், மாதாமாதம் ரீசார்ஜ் கடையில் ஒப்பிப்பதால்.

மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. அடுத்த தடவை அங்கிருந்தே வெட்டிவிட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்கம்மா என்னையத் திருடன்னு நெனச்சிட்டாவ போல" என்றார் இட்லிக்காரர்.

அப்படி நினைக்கப் பழக்கியதே நான்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "எழுத்து வந்தா நம்ம ஆளு, நம்பர் வந்தா திருடன், தொடாத" என்று வகுப்பெடுத்தேன். அதோடு விட்டேனா? பக்கத்து வீட்டுப் போன்களிலிருந்தெல்லாம் அடித்துப் பரீட்சை வைத்தேன். எடுத்தால் கத்தினேன். என் மாணவி இப்போது நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்தாள்.

வெட்டுகிறாள் என்றால் இன்னும் விழவில்லை. அந்த ஒரு தெம்புதான். இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவாள் என்று தெரியவில்லை.

அப்போதுதான் மிஸ்டு கால் ஞாபகம் வந்தது. பேசினால் காசு போன காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ரெண்டு மணி அடித்து வெட்டி, திரும்ப ரெண்டு மணி அடித்து வெட்டினால், 'நான் வந்துட்டேன், ரோட்டுக்கு வா' என்று பொருள். ஒரே ஒரு மணி என்றால் 'எல்லாம் சரி'. எடுக்கக் கூடாது என்பதே அதன் சட்டம். பேச்சு இலவசமான பிறகும் அம்மா அதை விடவில்லை. நான்தான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

ரெண்டு மணி, வெட்டினேன். ரெண்டு மணி, வெட்டினேன்.

"என்ன அண்ணாச்சி, என் போன வச்சு வெளையாடுதீயளா?"

"எங்கம்மாகூடப் பேசுதேன்."

அவர் போனைத் திருப்பி வாங்கக் கை நீட்டிய நேரத்தில் அது ஒரே ஒருமுறை ஒலித்து அடங்கியது. அம்மா நம்பர்.

போனை அவரிடம் கொடுத்துவிட்டுப் படியையே பார்த்து நின்றேன். யார் யாரோ வந்தார்கள். குடைகள் வந்தன. கடைசியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாகக் காலால் தடவி அம்மா இறங்கினாள். முகத்தில் மழையா வியர்வையா தெரியவில்லை. கை நடுங்கியது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், வார்த்தை கூடவில்லை. தார்ப்பாய்க்குள் இழுத்து உட்காரவைத்து, இட்லிக்காரர் சர்க்கரை அள்ளிப் போட்டுக் கொடுத்த டீயை வாயருகே பிடித்தேன். பாதியை என் சட்டையில் கொட்டினாள். மீதியைக் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் கிளாசை அவளே பிடித்துக்கொண்டாள்.

"ஏல, அது யாரு நம்பரு?"

"இந்த இட்லிக்காரர்து."

"ஒம் போன் எங்க?"

காட்டினேன். தண்ணீர் சொட்டியது. அம்மா இடுப்பில் பிளாஸ்டிக் கவருக்குள் செருகியிருந்த பட்டன் போனை எடுத்து, தங்கைக்கு ஒரு மணி அடித்து வெட்டினாள்.

"பேசும்மா. அவ பயந்துட்டுக் கெடப்பா."

"எதுக்கு? சேந்துட்டேன்னு சொல்லியாச்சுல்லா" என்று இட்லிக்காரர் வைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.