மாடிப்படி ஏறாத மேசை

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. உள்ளதைச் சொல்கிறேன்.

அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. மாடியில் அவள், கீழே நான். ஒரே ஆடைக் கம்பெனியில் நான் தையல் மெஷினில் உட்கார, அவள் அந்த வரிசைக்கே சூப்பர்வைசர். வேலையிலும் என் தலைக்கு மேல், வீட்டிலும் என் தலைக்கு மேல். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாமனார், நாத்தனார், என் வீட்டுக்காரர், என் பெண்கள் எல்லாரும் மாடியில்தான். நான் கீழே தனியாக டீ ஆற்றிக்கொண்டிருப்பேன். அங்கே சோபா இருக்கிறது, பெரிய டிவி இருக்கிறது, இங்கே யார் வருவார்கள்? ஒரு ஞாயிறாவது அந்தக் கூட்டம் என் வீட்டில் உட்கார வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அதற்காக அவள் ஒன்று வாங்கினால் நான் தவணையில் அதைவிடப் பெரியதாக வாங்குவேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை, உடனே என்னுடையதைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி இன்னொன்றை இறக்குவாள். தவணை கட்ட இருவரும் ஓவர்டைம் பார்ப்போம். திரும்பும்போது பஸ்ஸில் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்குவோம்.

அப்படித்தான் அவள் வாங்கிய அந்தச் சாப்பாட்டு மேசை வந்தது. எட்டுப் பேர் உட்காரலாம். மாடிப்படித் திருப்பத்தில் சிக்கி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. கொத்தனார் வந்து, எதுவரை சுவரை இடிக்க வேண்டும் என்று கரியால் கோடு போட்டார். ஓரகத்தி படியில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்தாள்.

“வீட்டை இடிச்சு மேசையைப் போடணுமா? வேணாம்ப்பா, எடுத்துட்டுப் போங்க.”

“என் வாசல் அகலம்தானே, எனக்குக் குடுங்க” என்று நான் முந்திக்கொண்டேன். ஜெயித்துவிட்டேன் என்று அன்று கால் தரையில் பாவவில்லை.

அதன் பிறகு அவள் போக்கே மாறியது. சூப்பர்வைசர் வேலையை விட்டு, ஒரு சின்னத் தையல் கடையில் பகல் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் வீட்டுக்காரர் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு அடங்கினார். சோபா, பீரோ, டிவி ஒவ்வொன்றாக “உனக்கு வேணுமாடி?” என்று கேட்டுக் கீழே அனுப்பினாள். அவள் கேட்டு முடிக்குமுன் நான் தூக்க ஆள் கூப்பிட்டேன். சூப்பர்வைசர் நாற்காலியும் எனக்கே வந்தது. அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன்.

சாமானெல்லாம் வந்து சேர்ந்த ஞாயிறு மேசை நிறைய டீயும் பலகாரமும் வைத்துக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. மாடியில் சிரிப்புச் சத்தம். பொறுக்க முடியாமல் ஏறிப் போனேன். வெறும் கூடம். மாமனார் சுவரில் சாய்ந்திருந்தார், என் வீட்டுக்காரர் தரையில் கால் நீட்டிப் படுத்திருந்தார், அவள் என் சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சோபா இருந்தபோதுகூட எனக்கு அப்படி எரிந்ததில்லை.

“சாமானெல்லாம் எனக்குக் குடுத்துட்டு, எல்லாரையும் நீயே வச்சுக்கிட்ட இல்லக்கா?”

அவள் சின்னவளின் பின்னலை முடிந்துகொண்டிருந்தாள். மாமனார்தான் சொன்னார்.

“ஏம்மா, கீழ உக்கார இடம் எங்க இருக்கு?”

கீழே இறங்கி, மேசைக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒருக்களித்து நடந்து அடுப்படிக்குப் போனேன். அழுகை வந்தது. சாமானை ஒழிக்க வேண்டும் என்பதுகூட அவளுக்குத்தானே முதலில் தோன்றியது என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அந்த வாரமே பழைய சாமான் கடைக்காரரை வரச்சொன்னேன். மேசை போனது, அதன் பின்னால் சோபாவும் போனது. ஓவர்டைமுக்கு இனி என் பெயரைப் போட வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கூடத்தில் பாய் விரித்து டீயோடு உட்கார்ந்தேன். வாசலில் நிழல் தட்டியது. எல்லாருக்கும் முன்னால், கையில் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு ஓரகத்தி நின்றாள். இதிலும் முந்திக்கொண்டாள்.

“உக்காரலாமாடி?”

“வாக்கா” என்றேன்.

விரித்துப் பார்த்தால், அவள் பாய் என்னுடையதைவிட ஒரு முழம் பெரியது.