உப்பு இழுத்துவிடும் என்றார்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மன்னிக்கணும். ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம். அதிலும் மழைக்காலத்தில்தான் ஒழுங்காகப் போனேன். வெயில் வந்தால் அம்மா உப்பளத்துக்குக் கூட்டிப் போய்விடுவாள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் என் தங்கச்சி மகன் செத்துப்போனதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். நடுவில் யாராவது பேசினால் நிறுத்திவிடுவேன்.

சுனாமி வந்த மறு வருஷம் அது. எங்கள் ஊர் மரக்காணத்தில் உப்பு வாருகிற பெண்களையும் குப்பத்துப் பெண்களையும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்து, தண்ணீரில் முழுகினவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு நர்சம்மா வந்திருந்தாள். கூட ஒரு ரப்பர் பொம்மை. அதற்குத் தலையும் மார்பும்தான் உண்டு, கைகால் இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதணும் என்றதும் பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"எங்க வூட்டுக்காரரு செத்தே கெடந்தாலும் நான் ஊத மாட்டேம்மா. அந்த சாராய நாத்தத்துல எனக்கில்ல மூச்சு போயிடும்!"

"அதான் பொம்மைய குடுத்திருக்காங்கல்ல. இது குடிக்காதுடி, தைரியமா ஊது!"

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கடைசியில் இருந்தேன். என் மகனைக் கட்டின மருமகள்தான் எழுந்து போனாள். முட்டி போட்டு, பொம்மையின் தலையைப் பின்னால் சாய்த்து ஊதினாள். பொம்மையின் மார்பு மேலே எழும்பியது. அதைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. நடு மார்பில் இரண்டு கையையும் வைத்து வேக வேகமாக அமுக்கணும், வயிற்றை அமுக்கக் கூடாது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றக் கூடாது என்று நர்சம்மா சொன்னாள். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்? நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் உப்பளங்களில், முழுகினவனை உப்புக் குவியலில் முகம் மட்டும் தெரியும்படி புதைத்து வைப்பார்கள். உடம்புக்குள் போன தண்ணீரை உப்பு இழுத்துவிடும், ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவான் என்பார்கள். நீ பார்த்தாயா என்று கேட்டால், எங்க அப்பா பார்த்தார், பெரியப்பா பார்த்தார் என்பார்கள்.

என் தங்கச்சியைத் திண்டிவனத்துக்கு மேற்கே கட்டிக் கொடுத்திருந்தோம். வேர்க்கடலை விளைகிற கொல்லைக் காடு. ரொம்ப வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து பெற்ற ஒரே மகன். லேத்துப் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். அந்தக் கோடையில் தாயும் பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருநாள் வெயில் தாழ்ந்ததும் அவர்கள் இருவரும், நானும் மருமகளும் உப்பளத்து வரப்பில் நடந்து கடலுக்குப் போனோம்.

கரையில் மீன்பிடிக்கிற ஒருத்தர் வலை பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற இடத்தில் எல்லாம் அலை நுரை கக்கிக்கொண்டு உடைந்தது. நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கறுப்பாகக் கிடந்தது. இவன் சட்டையைக் கழற்றி அங்கே போனான்.

"ஏம்பா, அங்க எறங்காத. அல ஒடையாம கெடக்குது பாரு, அங்கதான் இழுப்பு," என்றார் அவர்.

"அலையே இல்லண்ணே, இதான் நல்ல எடம்," என்றான் இவன். நான் கூப்பிட்டதற்கும் சிரித்தான். "பெரிம்மா, எங்க ஊரு கெணத்துல மேலேர்ந்து குதிக்கறவன் நான். இடுப்பளவு தண்ணிக்குப் பயப்படுறியே."

இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றான். ஒரு அலை திரும்பியபோது காலைப் பிடுங்கிக்கொண்டு போனது. கரையைப் பார்த்து நேராக நீந்தினான். நீந்த நீந்தப் பின்னாலேயே போனான்.

"குறுக்கால போடா! எதுத்து நீந்தாத, பக்கவாட்டுல போ!" என்று அந்த மீன்காரர் கத்தினார். கயிற்றில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி வீசினார். எட்டவில்லை. கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார். தங்கச்சி தண்ணீரில் பாய்ந்தாள். மருமகள் அவள் கொண்டையைப் பிடித்து மணலில் உட்கார வைத்தாள்.

"வுடுடி என்னை!"

"நீங்களும் போனா ரெண்டு பேரைத் தேடணும் சின்னத்தே. உக்காருங்க."

கட்டுமரத்தில் போட்டுக் கொண்டுவந்தபோது அவன் வாயில் நுரை. மூச்சு இல்லை. மருமகள் தலையைச் சாய்த்து மூக்கைப் பிடித்து வாயை வைத்தாள். அதற்குள் உப்பளத்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

"கொழுந்தன் வாயில வாய வெக்கறா பாரு, கண்றாவி!" என்றான் ஒருத்தன்.

மேஸ்திரி, "ஊதினா வருமா? உப்புல வைங்கடா சீக்கிரம்!" என்றார்.

தங்கச்சியே மருமகளைத் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "என் புள்ளைய உப்புல வைங்கய்யா, உங்க காலைத் தொட்டுக் கும்புடுறேன்!"

தூக்கிக்கொண்டு வரப்பிலேயே ஓடினார்கள். உப்பு வாரும் மாசம், குவியல் குவியலாகக் கிடந்தது. பள்ளம் பறித்து, படுக்க வைத்து, மூடினார்கள். அவ்வளவு வெள்ளைக்கு நடுவில் முகம் மட்டும் தெரிந்தது. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். மேலே கிடந்த உப்பு மெல்ல ஈரமானது.

"இழுக்குது! பாருங்க, இழுக்குது!" என்றாள் தங்கச்சி.

அவன் இடுப்புத் துணியில் இருந்த தண்ணீர் அது.

"அத்தே, நெஞ்சு மேல இவ்ளோ பாரம் இருந்தா எப்படி மூச்சு வரும்? நீங்களாவது உப்ப வாருங்க!" என்று மருமகள் அலறினாள். நான் நாலு பேர் நடுவில் பேசினவள் இல்லை. அன்றைக்கும் பேசவில்லை. மண்டி போட்டுக் கையால் உப்பை வாரினேன். வெடித்த விரலில் உப்பு ஏறியது. தங்கச்சி என் முதுகில் குத்தினாள். மருமகள் அவன் தோளைப் பிடித்து வெளியே இழுத்து, கெட்டியான வரப்பில் போட்டு அமுக்கினாள், ஊதினாள். அப்போதெல்லாம் கூப்பிட்டால் வருகிற ஆம்புலன்ஸ் இல்லை. உப்பு ஏற்ற வந்த லாரியில்தான் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசல் வரை அவள் கையை எடுக்கவில்லை. உதடெல்லாம் உப்பு அரித்து ரத்தம்.

டாக்டர் பார்த்துவிட்டு உயிர் இல்லை என்று சொன்னார். காதில் இருந்த உப்பை நர்சு துடைத்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்கள் போனோம். பந்தலில் வைத்துத் தங்கச்சி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "உப்புலயே வுட்டிருந்தா என் புள்ள எழுந்திருப்பான். இழுக்கறப்போ இவ வெளிய எடுத்துட்டா. இவதான் கொன்னா."

மருமகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சாப்பிடாமல் பஸ் ஏறினோம். அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் மரக்காணம் வந்து சேர்ந்திருந்தது. உப்பளத்தில் அவளோடு கூடை தூக்க ஜோடி சேர மாட்டேன் என்றார்கள். அடுத்த கோடையில் வெளியூர்க் குடும்பங்கள் கடலுக்கு வந்தபோது, "அலை இல்லாத எடத்துல எறங்காதீங்க, புள்ளைங்களக் கைக்கெட்டற தூரத்துல வைங்க" என்று அவள் போய்ச் சொல்வாள். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி ஒரு வெளியூர்க்காரி காதில், "சொந்தக்காரப் புள்ளையக் கொன்னவ இவதாங்க" என்று சொன்னதை நானே கேட்டேன்.

உப்பில் வைக்காமல் இருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. அவன் உப்புக்குள்ளே கிடந்த நேரம் முழுக்க ஒருத்தரும் அவனுக்கு மூச்சுக் கொடுக்கவில்லை என்பது தெரியும்.

ஊதுவது, அமுக்குவது எல்லாம் மருமகள் சொன்னபடிதான் எழுதியிருக்கிறேன். வைத்தியம் படித்தவர்கள் யாராவது ஒரு தரம் பார்த்து, தப்பு இருந்தால் அடித்துத் திருத்துங்கள். அவனை உப்பிலிருந்து எடுத்தது சரியா என்பதையும் பக்கத்திலேயே விளங்கும்படி எழுதிக் கொடுங்கள். என் தங்கச்சிக்குப் படிக்கத் தெரியாது. அவள் ஊரில் யாரையாவது படித்துக் காட்டச் சொல்கிறேன். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள்.