அக்காவின் தொடைக்கு மாமா பாய்ச்சிய தண்ணீர்

காலை ஆறு பத்து. எலவனாசூர்கோட்டையில் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருந்த காலி யூரியா மூட்டை. அதற்குக் கீழே கட்டிலில் அக்கா. அக்காவின் வாயருகே சொம்போடு மாமா.

“குடி. இன்னும் அர சொம்பு.”

“இது வயிறா, வயக்காடா? போதுங்க.”

“வாங்க மாப்ள,” என்றார் மாமா, திரும்பிப் பார்க்காமல். “தண்ணி பாஞ்சிக்கினு இருக்குது. செத்த உக்காருங்க.”

அக்கா மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டிருந்தார். புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையில் உள்ளே உலோகக் கம்பி வைத்து அனுப்பியிருந்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் மருத்துவர் எங்களை உட்காரவைத்து விளக்கியபோது நானும் இருந்தேன்.

“எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்கும்மா. வெறும் கம்பி வச்சா பிடிப்பு கம்மியா இருக்கலாம். அதனால மருந்து பூசின கம்பிய சோதிச்சுப் பாக்கறோம். மருந்து மெதுவா கசிஞ்சு, கம்பியச் சுத்தி இருக்கற எலும்பு கரையாம பாத்துக்கும்.”

மாமாவின் முகம் மலர்ந்தது. அவர் முப்பது வருடமாக நெல்லும் கரும்பும் போடுகிறவர்.

“வேப்பெண்ண பூசின யூரியா மாதிரி! கொஞ்சம் கொஞ்சமா கரையும்.”

“அப்படியும் வச்சிக்கலாம்,” என்றார் மருத்துவர்.

அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. தொடர்ந்து அவர் சொன்னது மாமாவின் காதில் ஏறவில்லை. ஆய்வில் சேருபவர்களில் பாதிப் பேருக்குத்தான் பூசிய கம்பி, மீதிப் பேருக்குச் சாதாரணக் கம்பி, யாருக்கு எது என்பதை ஆய்வு முடிந்த பிறகுதான் சொல்வோம் என்றார். அக்கா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் மாமா தீர்மானமாகச் சொன்னார்: “நமக்குப் பூசினதுதான்.”

பூச்சு கரைய ஈரம் வேண்டும். எனவே அக்காவுக்குக் காலையும் மாலையும் தண்ணீர். ஒரே நாளில் இரண்டு உரம் போடக் கூடாது என்று சுண்ணாம்புச்சத்து மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். மருத்துவர் போனில் கத்திய பிறகு, தண்ணீருக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி என்று சமரசமானார். அடுத்து களை. உரம் போட்டால் முதலில் களைதான் தின்னும், எலும்புக்குப் போக வேண்டிய மருந்தை நகம் இழுத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார். வாரம் ஒருமுறை தரையில் உட்கார்ந்து அக்காவின் கால்நகங்களை வெட்டினார்.

“கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுசன் என் காலப் பாத்தது இதான் மொத தபா,” என்றார் அக்கா என்னிடம். “எலும்பு ஒடையாம இருந்திருந்தா எனக்குக் கால் இருக்கறதே அவருக்குத் தெரிஞ்சிருக்காது.”

“ஆட்டாத. சதையில பட்டுடும்.”

அக்காவின் கவலை வேறு. ஒரே மகளை வெள்ளிமலையில் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு நான்காம் மாதம். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு.

“நான் எழுந்து நின்னுக்கினு அவ கையில வளையல் போடணும். எம்பொண்ண நானே கூட்டியாரணும். அதுக்குள்ள இந்தக் கால் ஆவுமா தம்பி?”

எனக்குத் தெரியவில்லை. எலும்பு கூடவில்லை என்றால் இன்னொரு அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தண்ணீர்க் கணக்கில் தலையிடாமல் நான் ஊர் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வளைகாப்புக்கு முந்தைய வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்லா கூடியிருக்கு. வாக்கரோட போய்ட்டு வாங்க.”

அக்கா அழுதார். மாமா அழவில்லை. அவருக்குப் புதிய சிக்கல் உதித்திருந்தது.

“மலைக்கா? மேட்டுல தண்ணி நிக்காதே. மருந்தெல்லாம் எறங்கி குதிகாலுக்குப் பூடும்.”

“போவட்டும். குதிகாலும் எலும்புதானே?”

மாமா விடவில்லை. வாடகைக் காரின் பின்சீட்டில் அக்காவைக் குறுக்கே உட்காரவைத்து, முறிந்த காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். முன்சீட்டில் நான். கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் காலை இரண்டு கையாலும் இன்னும் உயர்த்தினார். மூன்றாவது வளைவில் அவர் முகம் வெளுத்தது. ஐந்தாவதில் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னார். கை இரண்டும் காலைப் பிடித்திருந்ததால் தலையை மட்டும் வெளியே நீட்டி வாந்தி எடுத்தார். கால் இறங்கவில்லை.

“தலைக்கு ஏத்தம் ஒத்துக்கல போல,” என்றார் அக்கா. “தண்ணி ஜாஸ்தியா குடிங்க.”

ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் சிரித்தார்.

வெள்ளிமலையில் அக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடந்தார். மகள் முன்னால் வந்ததும் வாக்கரை என்னிடம் கொடுத்துவிட்டு நின்றார். சிவப்பும் பச்சையுமாக இரண்டு கைக்கும் வளையல் போட்டார். மாமா பின்னால் கையை விரித்தபடி, சாயும் மரத்தைத் தாங்கப் போகிறவர்போல் நின்றிருந்தார். அக்கா சாயவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினோம். இரண்டு பெண்களும் பின்சீட்டில் பேசிக்கொண்டே வந்தார்கள். மாமா வாந்திக்கென்று ஒரு கேரி பேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்சீட்டில் வந்தார். நான் பஸ்ஸில் வந்தேன்.

அடுத்த ஆண்டு நான் அங்கே போயிருந்தபோது மருத்துவர் போன் செய்தார். பேத்தி யூரியா மூட்டைக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தாள். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டார். ஆய்வு முடிந்துவிட்டது என்றும், அக்காவுக்கு வைத்தது பூச்சு இல்லாத சாதாரணக் கம்பி என்றும் மருத்துவர் சொன்னார். மாமா அப்போது அக்காவின் இடது கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டு, வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.