வீட்ல கலந்துட்டு சொல்றேன்

செவ்வாய்க்கிழமை காலை பீன்யாவுக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். பிலோமினா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா போனில் கூப்பிட்டார். கன்னடக்காரர். "சரோஜம்மா, நிம் ஃப்ரெண்டு ஹோக்பிட்ரு," என்றார். உங்கள் தோழி போய்விட்டார் என்று அர்த்தம். சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டாளே என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "எல்லிகே?" என்று கேட்டேன், எங்கே என்று. அந்த அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. தமிழில் நாம் சொல்வதைப் போலவே கன்னடத்திலும் சாவுக்கு அந்த வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். இத்தனை வருஷம் பெங்களூரில் இருந்துவிட்டு அதைக்கூடப் புரிந்துகொள்ளாமல் எங்கே என்று கேட்டிருக்கிறேன்.

தூக்கத்திலேயே மாரடைப்பு. அவளுடைய நாய் விடியற்காலையிலிருந்து குரைப்பதை நிறுத்தாததால்தான் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் அவளோடு வேலை பார்த்தவர்களும், லிங்கராஜபுரத்தில் அவளோடு பூசைக்குப் போனவர்களும் இதைப் படிப்பீர்கள். மரியாதைக்கு ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன், யாரோ வேறு ஒருத்தியைப் பற்றி எழுதுவது போல இருந்தது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன். அவளாக இருந்தால், "இன்னாடி திடீர்னு மரியாத, கடன் கேக்கப் போறியா?" என்றிருப்பாள்.

கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். அப்புறம் லிங்கராஜபுரத்தில் ஓர் அறை வீடு பிடித்து இங்கேயே தங்கிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பீன்யாவில் எங்கள் வால்வு கம்பெனி ஸ்டோர்ஸில் என் மேஜைக்கு எதிர் மேஜை அவளுடையது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் சிவாஜிநகரில் இறங்கி, கறிக்கடை பாயிடம் உருதுவில் அண்ணன் தம்பி உறவு கொண்டாடி, நாய்க்கு எலும்பு வாங்கிக்கொண்டு போவாள். அந்தப் பையோடு பேருந்தில் ஏறினால் அவள் பக்கத்து சீட்டு எப்போதும் காலியாக இருக்கும். "பாத்தியா, நமக்கு ரிசர்வேஷன்," என்று என்னைக் கூப்பிடுவாள்.

அந்த நாயின் பெயர் மேஸ்திரி. கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தின் மணல் குவியலில் கிடைத்தது. கொத்தனார்கள் வேலை செய்யும்போது எதிரே உட்கார்ந்து அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்குமாம், அதனால் அந்தப் பெயர். அதற்கு என்னைப் பிடிக்காது. நான் ஒன்றும் செய்ததில்லை. நான் உள்ளே நுழைந்தால் குரைக்கும். உட்கார்ந்தால் எனக்கும் பிலோவுக்கும் நடுவில் வந்து எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்ளும். பிஸ்கட் கொடுத்தால் பிலோவைப் பார்க்கும். அவள் தலையசைத்த பிறகும் எடுக்காது. "வுடு, அதுக்கு உன் மூஞ்சி செட் ஆவல," என்பாள் பிலோ.

என் வீட்டில் இருந்தது சீனு. என் கணவர் ஒரு மழை நாளில் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த நாய்க்குட்டி. அவர் போன பிறகு நானும் சீனுவும்தான். மகன் கனடாவில் இருக்கிறான். சாயங்காலம் பூட்டைத் திறக்கும்போது உள்ளிருந்து கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்கும். சலித்துக்கொண்டேதான் திறப்பேன். போன ஆடியில் சீனு கிழடாகி, சிறுநீரகம் கெட்டு, என் மடியிலேயே போனது. மறுநாள் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பிப் பூட்டில் சாவியை நுழைத்தேன். சத்தம் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போக என்னால் முடியவில்லை. அன்று மட்டுமில்லை, அதற்குப் பிறகும் பல நாள் அந்தப் பூட்டுக்கு முன்னால் நின்று நின்று அலுத்துப்போனேன்.

பிலோ ஆறுதல் சொல்லவில்லை. சில மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டே, "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி வரேன். பழைய பொடவையா கட்டிக்கோ. பாக்கப் போறோம்," என்றாள்.

"என்ன பாக்க?"

"நாய நாம பாக்கப் போல. உன்னை அதுக்குக் காட்டப் போறோம். பொண்ணு நீதான்."

இதுதான் அவளுடைய முறை. வாசனை எண்ணெய் கூடாது, வளையல் கூடாது. போனதும் தரையில் உட்கார வேண்டும், நாய்க்கு முதுகு காட்டி. கூப்பிடக் கூடாது, கை நீட்டக் கூடாது. வந்து மோந்து பார்த்துவிட்டு அதுவே முடிவு செய்யும். "உன்னை யாரும் புடிச்சி மொறச்சிப் பாத்தா உனக்குப் புடிக்குமா? கம்னு உக்காரு," என்பாள். ஐம்பத்தேழு வயதில் எனக்குத் தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பதே பெரும்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் ஓய்வு. அதையும் இவள் இப்படி எடுத்துக்கொள்கிறாளே என்று முனகிக்கொண்டேதான் போவேன்.

முதலில் போனது ஊருக்கு வெளியே ஒரு காப்பகம். அங்கே அப்படியே சீனுவின் நிறத்தில் ஒன்று இருந்தது. என்னையறியாமல் "சீனு" என்று கூப்பிட்டுவிட்டேன். அது திரும்பவில்லை. அழுகை வந்துவிட்டது. அங்கிருந்த பெண் மிகவும் நல்ல பெண். தண்ணீர் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. தனியா இருக்கீங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாயை யார் பாத்துப்பாங்க?" என்று கேட்டாள். பிலோ சட்டென்று, "நான் கீறேன். இவளுக்கு எதுனா ஆனா நான் பாத்துக்குவேன். எனக்கு எதுனா ஆனா எங்கூட்டு மேஸ்திரிய இவ பாத்துக்குவா," என்றாள். நான் தலையாட்டினேன். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள்.

ஆனாலும் நான் அந்த நாயை எடுக்கவில்லை. "வீட்ல கலந்துட்டு சொல்றேன்மா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்தது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வேலை மாறி வெளிநாடு போகும் தம்பதி விட்டுப்போகவிருந்த லாப்ரடார். அதற்கு இங்கிலீஷ் தவிர எதுவும் புரியாது. நான் "உக்காருடா கண்ணா" என்றால், பெட்டிஷன் கொடுக்க வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தது. பிலோ என் காதில், "ஆபீசருடி இது. நாம லீவு லெட்டர் குடுத்துட்டுப் போலாம்," என்றாள். அங்கேயும் அதையேதான் சொன்னேன், வீட்டில் கலந்துவிட்டுச் சொல்கிறேன் என்று. லிஃப்ட் கீழே இறங்கும்போது பிலோ கேட்டாள்: "வூட்ல யார்கிட்டடி கலந்துக்கப் போற? ஃப்ரிட்ஜு கிட்டயா?" சிரித்துக்கொண்டோம். அதன் பிறகும் எத்தனையோ ஞாயிறுகள். ஒன்று ரொம்பத் துள்ளியது, ஒன்று ரொம்பப் பயந்தது, ஒன்றின் கண் சீனுவுடையதைப் போலவே இருந்தது. எனக்கு எதைப் பார்த்தாலும் களைப்பாக இருந்தது. எல்லா இடத்திலும் அதே வார்த்தைதான்.

கடைசியாகப் பார்த்தது மூன்று கால் நாய். ஒரு கால்நடை மருத்துவர் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. நான் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். நொண்டிக்கொண்டே வந்து என் முதுகில் மோந்தது. பிறகு சுற்றி வந்து, என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டது. பிலோ எட்ட நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதுதான் என்று அவளுக்கு நிச்சயம். எனக்கு அதன் தலையின் கனம் முழங்காலில் தெரிந்தது. சீனு கடைசி நாளில் அப்படித்தான் வைத்திருந்தது. இன்னொரு முறை அதெல்லாம் என்னால் ஆகாது என்று தோன்றிவிட்டது. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "வீட்ல கலந்துட்டு போன் பண்றேன் டாக்டர்," என்றேன்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பிலோ சொன்னாள்.

"எங்கூட்டுக்கு என்னைப் பொண்ணு பாக்க எத்தினி பேரு வந்தாங்க தெரியுமா சரோ? கேசரி சாப்புடுவாங்க. காபி குடிப்பாங்க. நல்லாத்தான் பேசுவாங்க. போம்போது செருப்ப மாட்டிக்கினே, ‘ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்’னு சொல்லுவாங்க. எங்கப்பனுக்கு அது நெஜம். போஸ்ட்மேன் எங்க லைன் வூட்டாண்ட சைக்கிள் மணி அடிச்சாலே சட்டைய எடுத்து மாட்டிக்குவாரு. நல்ல சேதி வரும்போது வெறும் மேலோட நிக்கக் கூடாதுன்னு."

"லெட்டர் வரவே இல்லையா?"

"ஒண்ணுகூட வர்ல. வேணாம்னுகூட யாரும் எழுதல." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "உன்னால முடியலன்னா முடியலன்னு சொல்லிட்டு வாடி. தப்பில்ல. ஆனா அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத. நாய்க்கு லெட்டரும் தெரியாது, போனும் தெரியாது. அது வாசலையே பாத்துக்கினு கெடக்கும்."

மறுநாள் மருத்துவருக்குப் போன் செய்தேன். முடியவில்லை என்று சொன்னேன். பரவாயில்லை என்றார். அந்த நாயை வேறு யாரோ கொண்டுபோய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பிலோ என்னைத் திட்டவில்லை, அடுத்த ஞாயிறு கூப்பிடவும் இல்லை. சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, கம்பெனி கேட்டில் பிரியும்போதுதான், "ஒண்ணு கீது. வயசானது, யாரும் கேக்க மாட்டாங்க. இந்த வாட்டி நீ பேசாத, நான் பேசிக்கிறேன்," என்றாள். எது, எங்கே என்று நான் கேட்கவில்லை. ஞாயிறு தெரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலைதான் அந்தப் போன் வந்தது.

அடக்கம் முடிந்து அவள் வீட்டுக்குத் திரும்பினோம். தங்கவயலிலிருந்து அவள் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியைப் பின்பக்கம் குழாயடியில் கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து குரைத்துத் தொண்டை கட்டி, சத்தமில்லாமல் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுச் சொந்தக்காரம்மா அண்ணனிடம் மெதுவாக, "நாயி ஏன் மாட்தீரா?" என்று கேட்டார், நாயை என்ன செய்யப்போகிறீர்கள் என்று.

அவர் நல்ல மனிதர். தங்கைக்காக அன்று முழுவதும் அழுதவர். வீடு சின்னது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"ஊருக்குப் போய் வூட்ல கலந்துட்டு போன் பண்றோம்மா."

சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிற அவருடைய அப்பாவை நான் பார்த்ததே இல்லை. அந்த நிமிஷம் பார்த்தேன்.

"போன் வேணாம்ணா," என்றேன். "எங்க வீட்டுக்கு வருது."

கயிற்றை அவிழ்த்தபோது மேஸ்திரி உறுமியது. இழுத்துக்கொண்டுதான் தெருவுக்கு வந்தேன். ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "கச்சுத்தா?" என்றார், கடிக்குமா என்று. "நன்னன்ன மாத்ர," என்றேன், என்னை மட்டும்தான். சிரித்துவிட்டு ஏற்றிக்கொண்டார். வழி முழுக்க அது வெளியே பார்த்துக்கொண்டு வந்தது. நானும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு அழுதேன்.

வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் வால் ஆட்டியதில்லை. நான் சமையலறையை விட்டுப் போன பிறகுதான் சாப்பிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தரையில் முதுகு காட்டி உட்கார்ந்துகொள்கிறேன். கூப்பிடுவதில்லை, கை நீட்டுவதில்லை. ஒரு முறை வந்து மோந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. பூட்டில் சாவியை நுழைக்கும்போது மட்டும் உள்ளிருந்து குரைக்கிறது. கோபத்தில்தான் குரைக்கிறது, எனக்குத் தெரியும். நான் சலித்துக்கொண்டே திறக்கிறேன். அவள் எனக்காகப் பேசுவதாகச் சொன்ன அந்த வயசான நாயை நான் பார்க்கவே இல்லை. அது எங்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ என்று சில சமயம் நினைத்துக்கொள்கிறேன்.

பிலோவிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், அவளுடைய கோபக்கார நாயும், அவள் என்னைச் சொல்ல வேண்டாம் என்று சொன்ன ஒரு வார்த்தையும்தான். அந்த வார்த்தையை அவளுக்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் சொன்னேன். ஸ்டோர்ஸில் எல்லோரும் சேர்ந்து வேளாங்கண்ணிக்குப் போகிறார்கள், பிலோ பெயரில் ஒரு பூசை வைத்துவிட்டு மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. "வர்றீங்களா மேடம்?" என்று கேட்டார்கள்.

ஒரு ராத்திரி பூட்டிக்கிடக்கும் வீட்டையும், வாசலைப் பார்த்தபடி படுத்திருக்கும் மேஸ்திரியையும் நினைத்துக்கொண்டேன்.

"வீட்ல கலந்துட்டு சொல்றேன்," என்றேன். பொய் சொல்லவில்லை, பிலோ.