கூறைச்சேலையின் மறுமுனை

போன ஆவணியில் என் தம்பியின் கல்யாணம் சென்னைக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில் நடந்தது. எங்களுக்குப் பூர்வீகம் பொங்கலூர் பக்கம். தோட்டம் அங்கே, பிழைப்பு திருப்பூரில். அப்பா ஆரம்பித்த பனியன் கம்பெனியை இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். அதில் சாம்பிள் செக்‌ஷன் என் பொறுப்பு. வெளிநாட்டுக்காரர்கள் படம் அனுப்புவார்கள். அதைப் பார்த்து முதல் உருப்படியைத் தைத்துக் காட்டுவது எங்கள் வேலை.

பெண் வீட்டாரும் எங்கள் ஆட்கள்தான். சாயப்பட்டறை வைத்திருக்கிறார்கள். பெண் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவள். கடற்கரையில் கல்யாணம் என்பது அவளுடைய ஆசை. எங்கள் உறவில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே ராமேஸ்வரத்தில்தான், அதுவும் திதி கொடுக்கப் போனபோது. "அங்க போயா தாலி கட்டறது?" என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். தம்பிக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது, அப்பாவுக்குச் சாயப்பட்டறையைப் பிடித்திருந்தது, அதனால் கடலும் சரி என்று ஆகிவிட்டது.

அடுத்த இடி பத்திரிகையின் அடியில் இருந்தது. மாலை விருந்துக்கு எல்லோரும் 'ப்ளாக் டை' உடையில் வரவேண்டுமாம். ஆண்களுக்குக் கருப்புக் கோட்டு, கழுத்தில் கருப்பாக ஒரு பட்டாம்பூச்சி முடிச்சு. பெண்களுக்குத் தரையைத் தொடும் கருப்பு கவுன். அம்மா பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, "கண்ணாலத்துக்குக் கருப்புத் துணியா? ஊரே சிரிக்கும்" என்றார். கடைசியில் ஒரு சமாதானம் பேசி முடித்தார்கள். அந்தி நேரத்தில் ஒரு முகூர்த்தம் பார்த்தாயிற்று. சடங்கும் தாலியும் முடிகிறவரை ஒருத்தர் உடம்பிலும் கருப்பு இருக்கக் கூடாது. அதன் பிறகு யார் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளட்டும்.

கோட்டை வாடகைக்கு எடுக்கலாம் என்று தம்பி சொன்னான். அப்பாவுக்கு அது மானப் பிரச்சினை. "கம்பெனிய வெச்சுக்கிட்டு வாடகைத் துணி போடறதா?" என்று கேட்டுவிட்டார். அந்த வேலை என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. எங்களிடம் இருப்பது பனியன் துணிதான். அதில் கொஞ்சம் கனமாகப் பார்த்து எடுத்து, கோட்டாகவே தைத்துவிட்டோம். போட்டுப் பார்த்த பெரியப்பா கையை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு, "பனியனாட்டமே இருக்குதுங்க, தூங்கக்கூட தூங்கலாம்" என்றார். உறவுக்காரப் பெண்களின் கவுன்களும் எங்கள் செக்‌ஷனில்தான் உருவாயின. யாருக்கு இடுப்பு எவ்வளவு என்று அந்த ஒரு மாதம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இவ்வளவும் செய்த எனக்குக் கல்யாணத்தில் ஒரு வேலையும் கிடையாது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டும் முன் மாப்பிள்ளையும் அவனுடைய அக்காவோ தங்கையோ மேடையில் சேர்ந்து நிற்பார்கள். மணப்பெண் உடுத்தப்போகும் கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். கல்யாணம் ஆனாலும் உடன்பிறப்பு விட்டுப்போகாது என்பதுதான் அதற்கு அர்த்தம். உடன் பிறந்தவளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் அப்படி நிற்கிறவள் கணவனோடு வாழ்கிறவளாக இருக்க வேண்டும். எனக்கு விவாகரத்து ஆகிச் சில வருடங்கள் ஆகின்றன. தம்பிக்கு நான் ஒரே அக்கா.

யாரும் என்னிடம் தவறாக ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "பெரியப்பா மகள நிக்கச் சொல்லியிருக்குது. நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத கண்ணு" என்றார். "செரிம்மா" என்றேன். தம்பி இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். பெரியப்பா மகள் என்னைவிட இளையவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நல்ல பெண்தான். அவளுடைய கவுனுக்கும் நான்தான் அளவு எடுத்தேன். டேப்பைச் சுற்றும்போது, "அக்கா, எனக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க அக்கா" என்றாள். கவுன் இறுக்கமாக இருக்கும் என்று பயப்படுகிறாள் என நினைத்து, "லூசாவே வைக்கறேன்" என்றேன். உண்மையைச் சொன்னால் அவள் மேல் எனக்கு எரிச்சல் இருந்தது. அவள் என்ன செய்வாள் என்று புத்திக்குத் தெரிந்தும் எரிச்சல் போகவில்லை.

கல்யாண நாளன்று எல்லாம் பிசகியது. சொந்தக்காரர்கள் வந்த பஸ்கள் வழியில் ஒரு கோயிலைக் கண்டதும் நின்றுவிட்டன. சடங்கு தொடங்கவே வெகு நேரம் ஆகிவிட்டது. அதற்குள் மாலை விருந்துக்கு வரவேண்டியவர்கள் வந்துவிட்டார்கள். பெண்ணின் சிநேகிதர்கள், கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கும் வெள்ளைக்காரர்கள், சென்னை ஆட்கள், எல்லோரும் பத்திரிகையில் போட்டபடி ஒழுங்காகக் கருப்பு உடுத்தி வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் போய் என்ன சொல்ல முடியும்? அவர்களைப் பார்த்ததும் எங்கள் ஆட்களில் இளவட்டங்களும் விருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்து அறைக்குப் போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேடையில் பட்டும் வேட்டியும், எதிரே மணல் முழுக்கக் கருப்பு. சடங்கை முன்னின்று நடத்தும் அருமைக்காரர் கூட்டத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர்களைப் பார்த்து நானும் கருப்புக்கு மாறியிருந்தேன். மேடை ஏறப் போவதில்லை என்று தெரிந்தபின் எதற்குப் பட்டு? பட்டு உடுத்திக்கொண்டு கீழே நின்றால், பார்க்கிறவர்கள் "மாப்பிள்ளையோட அக்கா ஏன் நிக்கலீங்க?" என்று அம்மாவைக் கேட்பார்கள். கருப்பு கவுனில் நின்றால் கூட்டத்தில் ஒருத்தி. அந்த உடையில் எனக்குக் கிடைத்த ஒரே சௌகரியம் அதுதான். தாலி கட்டி முடித்ததும் தம்பி மாட்டிக்கொள்ள வேண்டிய கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, மேடையின் படிக்கட்டு ஓரமாக நின்றேன்.

இணைச்சீர் தொடங்கியது. பெரியப்பா மகள் அரக்குப் பட்டில் தம்பியின் பக்கத்தில் வந்து நின்றாள். அருமைக்காரர் கூறைச்சேலையை விரித்து, ஒரு முனையைத் தம்பி கையிலும் மறுமுனையை அவள் கையிலும் கொடுத்தார். மேடைக்குப் பின்னால் கடல். அங்கிருந்து காற்று நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. நான் சேலையைப் பார்க்காமல் தம்பியின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் நான் அவனைத் தூக்கிக் கீழே போட்டதில் விழுந்த தழும்பு அங்கே இருக்கிறது.

அப்போது ஒரு காற்று பலமாக அடித்தது. அவள் கையிலிருந்த முனை விடுபட்டு, விரிந்து, மேடையைத் தாண்டி மணலை நோக்கி வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மேஜையிலிருந்து துணி நழுவினால் கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டுப் பிடிப்போம். தரையில் பட்டால் அழுக்கு, அழுக்கு பட்டால் அந்த உருப்படி ரிஜெக்ட். வருடக் கணக்கில் அப்படிப் பிடித்துப் பிடித்துக் கை தானாக நீளும். நான் யோசித்திருந்தால் அந்தச் சேலையைத் தொட்டிருக்க மாட்டேன். யோசிக்கவில்லை. தம்பியின் கோட்டை மணலில் போட்டுவிட்டுச் சேலையைப் பிடித்துவிட்டேன்.

பிடித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. ஒரு முனையை என் தம்பி மேடையில் பிடித்திருக்கிறான். மறுமுனை கீழே, என் கையில். நான் விவாகரத்தானவள், தலை முதல் கால் வரை கருப்பு. நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. சேலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று படியில் ஏறி, பெரியப்பா மகளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. மேடையிலேயே உட்கார்ந்து, ஒரு காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கால் சுளுக்கிக்கிச்சுங்க. என்னால நிக்க முடியாதுங்க" என்று அருமைக்காரரிடம் சொன்னாள். அவர் "அட, கொஞ்ச நேரந்தானே சாமி" என்று சொல்லிப் பார்த்தார். "முடியவே முடியாதுங்க மாமா. அக்கா புடிச்சிருக்காங்கல்ல, அவங்களே நிக்கட்டும்" என்று அவள் சத்தமாகவே சொன்னாள். எதிரே இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

உறவில் யாரோ ஒரு அம்மா, "கருப்பு கட்டியிருக்குதுங்களே!" என்றார். விவாகரத்தைச் சொல்ல வாய் வரவில்லை போலிருக்கிறது, கருப்பைச் சொன்னார்.

தம்பி கூட்டத்தைக் கையால் காட்டி, "இருக்கட்டுங்க. இங்க கருப்பு கட்டாதவங்க யாருங்க? பெரியப்பாவே கட்டியிருக்காரு" என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் பெரியப்பா பனியன் துணிக் கோட்டும் வேட்டியுமாக உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை, எங்கள் ஆட்கள் மொத்தமும் சிரித்துவிட்டார்கள். என்ன நடக்கிறது என்று புரியாத வெள்ளைக்காரர்களும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

அருமைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பெண் வீட்டுப் பக்கம் திரும்பினார். மணப்பெண்ணின் அம்மா, "சேலை மண்ணுல உழுகாம புடிச்சுதே, அதுவே பெருசுங்க. நீங்க நடத்துங்க" என்றார். அருமைக்காரர் என்னைப் பார்த்து, "நேரா நில்லு கண்ணு" என்றார். அவ்வளவுதான். நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது.

அம்மா மேடை ஏறி வந்தார். தன் தலையில் இருந்த மல்லிகையில் பாதியைக் கிள்ளி என் தலையில் செருகினார். நான் அழுதேனா என்று பலர் பிறகு கேட்டார்கள். அழவில்லை. சேலையை இரண்டு கையாலும் பிடித்தபடி, இதன் ஜரிகை கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் தாங்க முடியாதபோது என் புத்தி இப்படித்தான் வேலை செய்கிறது. தம்பி அவன் பக்கத்து முனையை லேசாக ஒரு முறை இழுத்தான். சின்ன வயதில் போர்வைக்குச் சண்டை போடும்போது இழுப்பானே, அப்படி. நானும் இழுத்தேன்.

தாலி கட்டி முடிந்தது. விருந்துக்குத் தம்பி கோட்டை மாட்டிக்கொண்டான். கை குலுக்கும் ஒவ்வொரு முறையும் அவன் பாக்கெட்டிலிருந்து மணல் கொட்டியது. பெண்ணின் சிநேகிதர்கள் ஆட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆட்களும் உள்ளே புகுந்துவிட்டார்கள். நான் ஜூஸ் டம்ளரோடு ஓரத்தில் நின்று நான் தைத்த உடைகள் எப்படி ஆடுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூட்டத்தின் நடுவில் பெரியப்பா மகள். லூசாக வைக்கிறேன் என்று சொல்லித் தைத்த கருப்பு கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் காலையே பார்ப்பதைக் கவனித்துவிட்டாள். உடனே நாலு எட்டு நொண்டி நொண்டி நடந்தாள். நான் சிரித்ததும் அவளும் சிரித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சுளுக்கு எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"எந்தக் கால்னு மறந்து போச்சுங்க அக்கா" என்றாள்.

அளவு எடுத்த அன்று 'ஒரு மாதிரி இருக்குது' என்று அவள் சொன்னது எதைப் பற்றி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அந்த முனையைக் காற்று பறித்ததா, அவளே விட்டாளா என்று நான் இதுவரை அவளிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பண்டிகைக்குப் பார்த்தால் பிள்ளைகளைப் பற்றியும் துணியைப் பற்றியும்தான் பேசிக்கொள்கிறோம்.

எங்கள் செக்‌ஷனில் துணி நழுவும்போதெல்லாம் இப்போதும் என் கை தானாக நீள்கிறது. நழுவுகிற துணியைப் பிடிக்க எனக்குத் தெரியும்; இன்னொருத்திக்குக் கிடைக்கட்டும் என்று கையில் இருப்பதை விட்டுவிட எனக்குத் தெரியுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறேன்.